வாசிக்காமல் விட்ட வரி

2007 மே முதல் வாரத்தில் ஒரு காலை. கலிஃபோர்னியாவில் சன்னிவேல் நகரத்து அடுக்ககத்தில் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி, என் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தது ஓர் இளம்பெண். ஜிப் கோடு கேட்டாள், சொன்னேன். என்ன விஷயம் என்றாள். இணைய வானொலிகளைக் காப்பாற்ற ஒரு மசோதா வந்திருக்கிறது, எண் 2060, உங்கள் உறுப்பினர் அதை ஆதரிக்க வேண்டும் என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, அவள் கேட்காமலே ஒன்றைச் சேர்த்தேன்.

"நான் கேட்கும் நிலையத்துக்கு மாதம் பத்து டாலர் கொடுக்கிறேன். கேட்பவர்கள் பணம் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறோம்."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: "மாசம் பத்து டாலர் கட்டுறீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"கட்டல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்த நிலையத்துக்கு அதுவரை நான் ஒரு சென்ட்கூடக் கொடுத்ததில்லை. அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஆரிகன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில், பள்ளியில் இசை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வீட்டுக் கார் கொட்டகையில் இரண்டு கணினிகளையும் ஒரு மைக்கையும் வைத்து நடத்திவந்தது அது. அப்பலாச்சிய மலைநாட்டு ஃபிடில் இசை, பழைய ப்ளூஸ், எந்தக் கடையிலும் கண்ணில் படாத நாட்டுப்புறப் பாடகர்கள், நடுநிசியில் தனி செல்லோ. ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் அவரே வந்து, அடுத்து வருவது யார் வாசித்தது, எந்த ஊரில் பதிவானது, பின்னால் ட்ரம் அடித்தவர் யார் என்பதுவரை சொல்லுவார். பின்னணியில் வாசித்தவர்களின் பெயர்களை அவர் விட்டு நான் கேட்டதே இல்லை.

நான் அந்த நாட்டுக்குப் போன புதிதில் பேச ஆளில்லாமல் கிடந்த ஆறு மாதம் அந்தக் குரல்தான் எனக்குத் துணை. அமெரிக்கா என்றால் எனக்கு அலுவலகம், நெடுஞ்சாலை, வால்மார்ட் என்றுதான் இருந்தது. அந்த மண்ணுக்கும் ஒரு ஒப்பாரி உண்டு, தாலாட்டு உண்டு, வேலைப் பாட்டு உண்டு என்று எனக்குக் காட்டியவர் அவர். அவருக்கு நான் பட்ட கடன் சின்னதல்ல. அதனால்தான் நான் செய்தது எனக்கு இவ்வளவு கனக்கிறது.

விவகாரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலி ஒரு பாட்டைப் போட்டால், எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பணம் போகும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் எதுவும் போகாது. இன்றுவரை அப்படித்தான். 1995-இல் வந்த ஒரு சட்டமும், 1998-இல் வந்த இன்னொன்றும், டிஜிட்டல் வழியாகப் போகும் ஒலிபரப்புக்கு மட்டும் பாடியவர், வாசித்தவர், பதிவை வைத்திருக்கும் நிறுவனம் ஆகியோருக்கும் ராயல்டி உண்டு என்றாக்கின. அந்தப் பணத்தை வசூலிப்பது சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு. வசூலில் பாதி பதிவின் உரிமையாளருக்கு. 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு. மீதி 5 சதவீதம் பின்னணியில் பாடிய, வாசித்தவர்களுக்கு.

எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் சண்டை. சிறிய இணைய வானொலிகள் 2002 டிசம்பரில் வந்த ஒரு சட்டத்தின் தயவில் வருமானத்தில் 10 முதல் 12 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தன. 2007 மார்ச் 2 அன்று, பதிப்புரிமை ராயல்டி வாரியத்தின் மூன்று நீதிபதிகள் அந்த வழியை மூடினார்கள். இனி ஒரு பாட்டை ஒருவர் கேட்டால் இவ்வளவு என்று கணக்கு. 2006-க்கு 0.08 சென்ட், 2007-க்கு 0.11, 2008-க்கு 0.14, 2009-க்கு 0.18, 2010-க்கு 0.19. போன வருஷத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதோடு அலைவரிசை ஒன்றுக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 500 டாலர்.

ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மணிக்குப் பதினாறு பாட்டு. எங்கள் வாத்தியாரின் நிலையத்தை எந்நேரமும் சராசரியாக 300 பேர் கேட்கிறார்கள் என்று வைத்தால், 2007-க்கு மட்டும் 46,000 டாலருக்கு மேல். 2010-இல் அது 80,000-ஐத் தொடும். அவருக்கு நன்கொடையாக வருவது ஆண்டுக்கு எட்டாயிரம் டாலர் என்று அவரே மைக்கில் சொல்லியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் பொய் இல்லை. கேட்பவர்கள் கூடக் கூட நடத்துபவன் மூழ்குகிற கணக்கு அது, அதை இன்றைக்கும் அநியாயம் என்றுதான் சொல்வேன். நாடு முழுக்கக் கேட்பவர்கள் கிளம்பினார்கள். சேவ்நெட்ரேடியோ என்ற பெயரில் நிலையங்களும் கலைஞர்களும் கேட்பவர்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ஜே இன்ஸ்லியும் இல்லினாயின் டான் மன்சூலோவும் ஏப்ரல் இறுதியில் பிரதிநிதிகள் சபையில் மசோதா கொண்டுவந்தார்கள். செயற்கைக்கோள் வானொலியைப் போல இணைய வானொலியும் வருமானத்தில் 7.5 சதவீதம் கட்டினால் போதும் என்றது அது. மே மாதம் செனட்டில் ரான் வைடனும் சாம் பிரவுன்பேக்கும் அதன் ஜோடி மசோதாவை வைத்தார்கள். இரண்டு சபையிலும் இரண்டு கட்சியும் சேர்ந்து நின்றன. நாங்கள் தொலைபேசினோம், ஃபேக்ஸ் அனுப்பினோம், மின்னஞ்சல் எழுதினோம். அலுவலகத்தில் ஒருவர் விடாமல் பிடித்துப் பேச வைத்தேன். மதியச் சாப்பாட்டு மேசையில் என்னைக் கண்டால் சிலர் தட்டோடு எழுந்து போகிற அளவுக்கு அதையே பேசினேன்.

பணம் மட்டும் கொடுக்கவில்லை.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். கையில் இல்லாமல் இல்லை. வானொலி என்றால் காற்றில் வருவது, இலவசம் என்ற பழக்கம் என்று ஒரு காலம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் நிற்காது. எங்கள் வீட்டில் வால்வு ரேடியோ இருந்த நாளில் அப்பா வருஷா வருஷம் தபாலாபீஸுக்குப் போய் ரேடியோ லைசென்ஸ் கட்டிவிட்டு வருவார். ஒரு சின்னப் புத்தகம், அதில் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். பக்கத்து வீடுகளில் பலர் கட்டாமல் ஓட்டினார்கள். அப்பா மட்டும், பாட்டுக் கேட்கிறோமே என்று, வரிசையில் நின்று கட்டினார். அந்தப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவன் நான். அடுத்த மாதம் கட்டலாம், அடுத்த மாதம் கட்டலாம் என்று தள்ளினேன், அவ்வளவுதான். குரல் கொடுப்பதே கொடுத்த மாதிரி இருந்தது. போன் செய்த அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தின் நகலை வாத்தியாருக்கும் அனுப்பினேன். இரண்டு பக்கம். நடுவில் ஒரு பத்தி: 'இந்த நிலையத்துக்கு மாதந்தோறும் பத்து டாலர் தருகிறேன். நல்ல இசைக்குச் சாதாரண மக்கள் மனமுவந்து பணம் தருவார்கள் என்பதற்கு நானே சாட்சி.' போனில் வாய்தவறி வந்த பொய்யை இரண்டு நாள் கழித்து நிதானமாகத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டேன். அவருக்கு எதற்கு நகல் அனுப்பினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. நகல் அனுப்பும்போது அந்தப் பத்தி உள்ளே இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதற்குள் நானே அதை நம்பியிருந்தேன் போல.

மே மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், கேட்பவர்கள் எழுதிய கடிதங்களை அவர் ஒலிபரப்பில் வாசித்தார். மூன்றாவதாக என்னுடையது. என் பெயரைத் தட்டுத்தடுமாறாமல் சொன்னார், பயிற்சி எடுத்திருப்பார் போல. முதல் பக்கத்தை வாசித்தார். நான் தனியாகக் கிடந்த ஆறு மாதத்தைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தார், குரல் லேசாகக் கம்மியது. பிறகு ஒரு இடைவெளி. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அடுத்து அவர் வாசித்தது அந்தப் பத்திக்கு அடுத்த பத்தி.

நடுவில் இருந்தது இல்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, பணம் கொடுத்தவர்களின் பெயர்களை அவர் வரிசையாக வாசித்து நன்றி சொல்லுவார். அறுபது பேர் இருக்கும். அந்த அறுபது பெயரும் அவருக்கு மனப்பாடம். என் பெயர் அதில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கடிதத்தையே ஒதுக்கியிருக்கலாம், வாசிக்காமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அவர் மற்றதையெல்லாம் மதித்து வாசித்தார், பொய்யை மட்டும் எடுத்துவிட்டார். கடைசியில் என் பெயரைச் சொல்லி நன்றியும் சொன்னார்.

காதில் ஹெட்போனோடு அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வேர்த்திருந்தது. அந்த நிமிஷமே பத்து டாலர் அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. இப்போது அனுப்பினால், கண்டுபிடித்துவிட்டார் என்பதால் அனுப்புகிறேன் என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வாசிக்கும் பட்டியலில் புதிதாக என் பெயர் வந்தால் அதுவே ஒப்புதல் என்று பயந்தேன். அதற்கு முன்னால் பணம் கொடுக்காமல் இருந்தது சோம்பல். அதற்குப் பிறகு கொடுக்காமல் இருந்தது கூச்சம். கூச்சம்தான் அதிக காலம் நின்றது.

இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். கணினியில் நிலையம் ஓடிக்கொண்டே இருக்கும், திங்கள் காலை ஒன்பது மணி வரை. அறுபத்து மூன்று மணி நேரம், 1,008 பாட்டு. வாரியத்தின் 2007 கணக்குப்படி, யாரும் கேட்காத அந்தப் பாட்டுகளுக்கு ஒரு டாலர் பதினோரு சென்ட். மேசையில் இது ஓடிக்கொண்டிருப்பது, நிலையத்தின் பக்கத்தில் 'இப்போது கேட்பவர்கள்: 212' என்று ஓடும் எண்ணில் ஒன்றாகச் சேரும். ராயல்டி எப்படிக் கணக்காகிறது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். தெரிந்தே அணைக்காமல் வந்தேன். அந்த 212-இல் ஒன்று ஆளில்லாத நாற்காலி.

அதே மே மாதத்தில்தான் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த செல்லோ கலைஞரிடம் போனேன். ஸ்டூடியோக்களில் பின்னணி வாசிப்பவர். ஐம்பது வயதிருக்கும். மசோதாவுக்கு ஆதரவாக அவரும் போன் செய்யவேண்டும், கலைஞர் பேசினால் எடுபடும் என்றேன். அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காசோலைத் துண்டை எடுத்துக் காட்டினார். பின்னணிக் கலைஞர்களுக்கான அந்த 5 சதவீதத்திலிருந்து வந்தது. அறுபது டாலர் சொச்சம்.

"நான் வாசித்த பாட்டுகள் எஃப்.எம்.மில் இருபது வருஷமாக ஓடுகின்றன. ஒரு சென்ட் வந்ததில்லை. முதல்முறையாக இது வந்திருக்கிறது. இதைக் குறைக்கச் சொல்லி என்னையே போன் பண்ணச் சொல்கிறீர்களா?"

வானொலியில் ஒலிப்பதே உங்களுக்கு விளம்பரம்தானே, அதனால் வேலை வருமே என்றேன். கலைஞர்களுக்குக் காசு கொடுக்காமலிருக்கப் பெரிய எஃப்.எம். முதலாளிகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த அதே வாதம். அதை நான் எடுத்துப் பேசுகிறேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

"பின்னால் செல்லோ வாசித்தவள் யார் என்று கேட்டுக்கொண்டு யாரும் கடைக்குப் போவதில்லை," என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. பெரிய கம்பெனிகளின் பேராசை, அவர்கள் பாதியை எடுத்துக்கொள்வது என்று எதையோ சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவர் சொன்னதை நின்று கேட்டிருந்தால், வாத்தியாரும் அவரும் ஒரே பக்கம் என்பது எனக்குப் புரிந்திருக்கும். பின்னணியில் வாசித்தவர் பெயரை மணிக்கு மணி சொன்னவர் அவர், அந்தப் பின்னணியில் வாசித்தவர் இவர். இருவருக்கும் நடுவில் காசு கொடுக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஜூன் 26, 2007 அமைதி நாள். ஆயிரக்கணக்கான இணைய வானொலிகள் ஒரு நாள் முழுக்க இசையை நிறுத்தின. 2002-இலும் ஒருமுறை இப்படிச் செய்திருந்தார்கள், இந்த முறை இன்னும் பெரிதாக. பண்டோரா, யாஹூவின் இசைச் சேவை போன்ற பெரியவையும் சேர்ந்தன. எங்கள் நிலையத்தில் அரை மணிக்கு ஒருமுறை வாத்தியார் வந்து, ஏன் இந்த மௌனம் என்று நாலு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் அந்த மௌனத்தைக் கேட்டேன். பிறகு, அன்று சேராத வேறொரு நிலையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். இதையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மசோதா சட்டமாகவில்லை. ஜூலை நடுவில், தீர்ப்பை நிறுத்திவைக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்துவிட்டது. ஆனால் அத்தனை போன்களும் ஃபேக்ஸ்களும் வீண் போகவில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு தரப்பும் பேச உட்கார்ந்தன. அப்படி எட்டும் உடன்பாடு செல்லும் என்று 2008-இலும் 2009-இலும் காங்கிரஸ் சட்டம் செய்தது. 2009 ஜூலையில் உடன்பாடு வந்தபோது, சிறியவர்கள் மறுபடி வருமானத்தில் 12 முதல் 14 சதவீதம் என்ற கணக்கில் கட்டலாம் என்றாயிற்று. வாத்தியார் மைக்கில் அழுதார். நானும் கண் கலங்கினேன். அன்றைக்காவது அனுப்பியிருக்கலாம்.

அதே மாதம் பண்டோரா, மாதத்தில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் இலவசமாகக் கேட்பவர்கள் மீதி நாளுக்கு 99 சென்ட் கட்டவேண்டும் என்றது. ராயல்டிக்காகத்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். நான் நாற்பது மணி நேரம் முடிந்ததும் நிறுத்திவிட்டு ஒன்றாம் தேதிக்குக் காத்திருந்தேன்.

2011 ஜூலையில் ஸ்பாட்டிஃபை அமெரிக்காவுக்கு வந்தது. கேட்ட பாட்டு கேட்ட நொடியில். கொஞ்ச நாளில் சந்தா கட்டினேன். மாதம் பத்து டாலர். கடன் அட்டையில் தானாகப் போய்விடும், யோசிக்கவே வேண்டியதில்லை. வாத்தியாருக்குக் கொடுக்கிறேன் என்று பொய் சொன்ன அதே தொகையை, அவரை விட்டு விலகுவதற்காக மாதம் தவறாமல் கட்டினேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் மனதில் பட்டது. அவர் நிலையத்தை எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று தேதி சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் திறக்கவில்லை. அப்புறம் திறக்கவே இல்லை.

அந்தச் சிறியவர்கள் உடன்பாடு 2015 முடிவோடு காலாவதியானது. டிசம்பர் நடுவில் வாரியம் அடுத்த ஐந்தாண்டுக்கான கட்டணத்தை அறிவித்தபோது, ஒரு பாட்டை ஒருவர் கேட்டால் 0.17 சென்ட் என்றது. வருமானத்தில் சதவீதம் என்ற வழி அதில் இல்லை. ஆயிரக்கணக்கான குட்டி நிலையங்களுக்கு வீடாக இருந்த லைவ்365 அடுத்த மாதமே மூடியது. 2007-இல் ஒவ்வொரு தசமத்தையும் கணக்குப் போட்ட நான், இந்தச் செய்தியைப் படிக்கக்கூட இல்லை.

2016 செப்டம்பரில் பழைய அலுவலக நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். அன்று சாப்பாட்டு மேசையில் நான் பிடித்துப் பேச வைத்தவர்களில் ஒருவர். பேச்சுவாக்கில், "பாவம், உங்க வாத்தியார் கடையை மூடிட்டாரே, லெட்டர் பார்த்தீங்கல்ல?" என்றார். நான் பார்க்கவில்லை. எனக்கு வரவில்லை. பணம் கொடுத்தவர்களின் பட்டியலில் இருந்த முகவரிகளுக்கு மட்டும்தான் அவர் எழுதியிருந்தார். என் பேச்சைக் கேட்டுத்தான் நண்பர் அந்த நிலையத்துக்குப் போனாராம். 2007 ஜூனிலிருந்து மாதம் ஐந்து டாலர் கொடுத்திருக்கிறார். ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அதை என்னிடம் சொன்னதில்லை.

கடிதத்தை எனக்கு அனுப்பிவைத்தார். ஒன்றரைப் பக்கம். யார்மேலும் குறை இல்லை. மைக்கையும் கணினிகளையும் தான் வேலைபார்த்த பள்ளிக்கே கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். கீழே கடைசி ஒரு மணி நேரத்தில் போட்ட பதினாறு பாட்டும், ஒவ்வொன்றிலும் பின்னணியில் வாசித்தவர்களின் பெயர்களும். அதற்கும் கீழே, கடைசிப் பாட்டு முடியும்போது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 94 பேர் என்று ஒரு வரி. ஆளில்லாத நாற்காலியாகக்கூட அந்த எண்ணில் நான் இல்லை.